துருவைக் கரைக்கும் அடுக்களை

எங்கள் வீட்டு அரிசிப் பானைக்கு ஒரு தகர மூடி உண்டு. எவ்வளவு மெல்ல நகர்த்தினாலும் 'கிறீச்' என்று காட்டிக்கொடுத்துவிடும். அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவள் கை நேராக அந்தப் பானைக்குத்தான் போகும். திண்ணையில் இருக்கும் ஆச்சி, திரும்பிப் பார்க்காமலே குரல் கொடுப்பாள்: "ஏட்டி, அரிசியத் திங்காத. கல்யாணத்தன்னைக்கு மழை ஊத்தும்."

இந்த வாக்கைக் கேட்காமல் வளர்ந்த தமிழ்ப் பெண்கள் குறைவு. சிலருக்கு அரிசி. சிலருக்குப் பல்பம், சாம்பல், செங்கல் தூள். நகரத்துப் பிள்ளைகளுக்கு ஃபிரிட்ஜில் இருக்கும் ஐஸ் கட்டி. இந்த அடங்காத ஆசைக்கு மருத்துவத்தில் 'பைக்கா' என்று பெயர். சமைக்காததையோ, உணவே அல்லாததையோ தின்னத் தூண்டும் இந்த ஆசைக்குப் பின்னால் பல நேரம் இருப்பது இரும்புச்சத்துக் குறைவு. அக்காவுக்கும் அதுதான். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8. அவள் வயதுப் பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே இரத்தசோகை என்று கணக்கு.

அப்பா ஒரு கேள்வி கேட்டார். "நம்ம வீட்ல வாரத்துல நாலு நாள் கீரை. பருப்பு இல்லாத நாளே கிடையாது. பெறகு இரும்பு எங்கதான் போச்சு?" சைவ வீட்டுத் தகப்பனாரின் நியாயமான கேள்வி அது. அதற்குப் பதில் தேடிப் போனால் வயல் சேறு, வாழைப்பூ, கலம்காரித் துணி, கடற்கரைச் சுண்டல் என்று எங்கெங்கோ சுற்றவேண்டியிருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். வளர்ந்த மனித உடம்பில் இருக்கும் மொத்த இரும்பு 3 முதல் 4 கிராம். சுவரில் காலண்டர் மாட்டும் ஆணி ஒன்றின் எடைதான். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்தில் இருக்கிறது. ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள். ஒவ்வொன்றும் நான்கு இரும்பு அணுக்களை ஏந்தி நிற்கிறது. ஆக, கண்ணுக்குத் தெரியாத அந்தச் சின்னத் தட்டுக்குள் 100 கோடிக்கு மேல் இரும்பு அணுக்கள். நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் உட்கார்ந்து பயணம் போகும் இருக்கைகள் இவை. இப்படிப்பட்ட சிவப்பணுக்களை எலும்பு மஜ்ஜை விநாடிக்கு 20 லட்சம் வீதம், இரவு பகல் பாராமல் செய்துகொண்டிருக்கிறது.

இவ்வளவு பெரிய உற்பத்திக்கு இரும்பு எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி பழைய இரும்புதான். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். மண்ணீரலில் இருக்கும் விழுங்கணுக்கள் வயதான சிவப்பணுக்களைப் பிடித்து உடைத்து, உள்ளே இருக்கும் இரும்பை அணு அணுவாகப் பிரித்தெடுத்து மஜ்ஜைக்குத் திருப்பி அனுப்புகின்றன. பழைய நகையை உருக்கிப் புது நகை செய்யும் ஆசாரி, தங்கத் துகளைத் தரையில் சிந்தவிடுவாரா? அதே கவனம். இப்படி நாள்தோறும் 20 முதல் 25 மில்லிகிராம் மறுசுழற்சியில் வந்துவிடுகிறது. தோல் உதிர்வதிலும் குடல் அணுக்கள் உதிர்வதிலும் போகும் 1 மில்லிகிராமை மட்டும் உணவு ஈடுகட்டினால் போதும். மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு அது ஒன்றரை, இரண்டு என்று கூடும். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தோடு அரை மில்லிகிராம் இரும்பு போகிறது என்பதால் வரும் வித்தியாசம் இது.

ஒரு மில்லிகிராம் என்றால் எவ்வளவு? அக்கா தின்ற அரிசியில் ஒரு மணியை எடுத்து இருபது துண்டாக நறுக்க முடிந்தால், அதில் ஒரு துண்டின் எடை. நாளொன்றுக்கு அவ்வளவுதான் உள்ளே போகவேண்டும்.

அந்தத் துணுக்குக்குத்தான் திண்டாட்டம். பூமியின் மேலோட்டில் எடைக்கணக்கில் சுமார் 5 சதவீதம் இரும்பு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் போய் நின்றால் கண்ணுக்கு எட்டிய தூரம் சிவந்த மணல்மேடு. அந்தச் சிவப்பு முழுக்க இரும்புதான். ஆனால் அது துருப்பிடித்த இரும்பு. சிக்கலின் வேர் இங்கே இருக்கிறது.

இரும்பு அணு இரண்டு நிலைகளில் இருக்கக்கூடியது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்தால் 'ஃபெரஸ்'. அது தண்ணீரில் கரையும், எளிதில் பழகும். மூன்றை இழந்தால் 'ஃபெரிக்'. துரு என்பது இதுதான். தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காது. காற்றில் ஆக்சிஜன் இருக்கும் வரை ஃபெரஸ் எல்லாம் ஃபெரிக்காக மாறிக்கொண்டே இருக்கும். அமிலமும் இல்லாத காரமும் இல்லாத நல்ல தண்ணீர் ஒரு லிட்டரில் தனித்துத் திரியும் ஃபெரிக் அயனிகள் எத்தனை இருக்க முடியும் என்று வேதியியலார் கணக்குப் போட்டால் சில லட்சம்தான் தேறுகிறது. ஒரே சிவப்பணுவுக்குள் 100 கோடி இருப்பதை நினைத்துப் பாருங்கள். ஒரு சிவப்பணுவை நிரப்ப ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீரை வடிகட்டவேண்டியிருக்கும்! உயிர் என்று ஒன்று இரும்பை நம்பி வாழத் தொடங்கியதே பெரிய துணிச்சல்தான்.

இந்தத் துணிச்சலில் நமக்கு மூத்தவை செடிகள். அவற்றால் தேரி மணலை விட்டு வேறு ஊருக்குப் போக முடியாது. நிற்கிற இடத்திலேயே துருவைக் கரைத்தாக வேண்டும். தக்காளி, அவரை, கடலை போன்ற செடிகள் மூன்று படியாக வேலை செய்கின்றன. முதலில் வேர் நுனி அமிலத்தைக் கசியவிட்டு மண்ணைப் புளிக்க வைக்கிறது. அடுத்து, வேரின் தோலில் இருக்கும் ஒரு நொதி ஃபெரிக் அணுவுக்கு ஓர் எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரஸாக்குகிறது. மூன்றாவதாக, ஃபெரஸுக்கென்றே செய்த ஒரு வாசல் வழியாக அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது. புளிப்பு, எலக்ட்ரான், வாசல். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

புல் இனங்கள் வேறு வழி கண்டுபிடித்தன. 1976-இல் ஜப்பானைச் சேர்ந்த டக்காகி என்ற ஆய்வாளர், ஓட்ஸ், நெல் வேர்கள் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பொருளைச் சுரப்பதைக் காட்டினார். பின்னர் பார்லி வேரிலிருந்து பிரித்தெடுத்த அத்தகைய பொருளுக்கு முகினெயிக் அமிலம் என்று பெயர் வந்தது. ஜப்பானிய மொழியில் பார்லிக்கு 'முகி'. வலையை வீசி, மீனோடு சேர்த்து வலையையும் உள்ளே இழுப்பதுபோல, இந்த அமிலத்தை வெளியே அனுப்பி, அது இரும்பைப் பற்றியதும் இரண்டையும் சேர்த்து வேர் விழுங்கிக்கொள்கிறது. நெல்லுக்கு இந்த வலையும் உண்டு, ஃபெரஸ் வாசலும் உண்டு. காரணம் அது வாழும் இடம். நீர் தேங்கிய வயற்சேற்றில் ஆக்சிஜன் இல்லை என்பதால் இரும்பு ஃபெரஸாகவே கரைந்து கிடக்கும். வரப்போரத் தேங்கலில் எண்ணெய் சிந்தியதுபோல வண்ணமாக மினுங்கும் படலத்தைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். ஓடு உடைவதுபோலத் துண்டு துண்டாக உடைந்தால் அது எண்ணெய் அல்ல. சேற்றிலிருந்து மேலே வந்து காற்றுப் பட்ட இரும்பு.

இப்போது நம் குடலுக்கு வரலாம். இரைப்பை அமிலம் உணவைப் புளிக்க வைக்கிறது. இரைப்பையைத் தாண்டியதும் வருவது சிறுகுடலின் முதல் பகுதி, டியோடினம். பன்னிரண்டு விரல் அகலம் என்று பொருள்படும் இலத்தீன் பெயர். அதன் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான். இரும்பை உறிஞ்சும் வேலையில் பெரும்பங்கு இந்த ஒரு சாண் சொச்சத்தில் முடிந்துவிடுகிறது. அங்கே குடல் சுவரில் ஒரு நொதி, ஃபெரிக்குக்கு எலக்ட்ரான் கொடுத்து ஃபெரஸாக்குகிறது. பக்கத்திலேயே ஃபெரஸுக்கான வாசல். புளிப்பு, எலக்ட்ரான், வாசல்! அவரைச் செடியின் வேரும் அவரைப் பொரியல் சாப்பிட்டவரின் குடலும் ஒரே வித்தையைத் தனித்தனியே கற்றிருக்கின்றன. என்னைக் கேட்டால், இதைவிட அழகான ஒற்றுமை உயிரியலில் அபூர்வம்.

இறைச்சி சாப்பிடுபவர்களுக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. இறைச்சியில் ஒரு பங்கு இரும்பு 'ஹீம்' என்ற வளையத்துக்குள் உட்கார்ந்தே வருகிறது. வளையத்தோடு சேர்த்துக் குடலணு அதை உள்ளே எடுத்துக்கொள்வதால் துருப்பிடிக்க வழியில்லை. அந்த இரும்பில் நூற்றுக்கு 15 முதல் 35 பங்கு வரை உறிஞ்சப்படுகிறது. தானியம், பருப்பு, கீரை வழியாக வரும் வெற்று இரும்பில் 2 முதல் 20 வரை. மேலெண்ணும் கீழெண்ணும் எவ்வளவு தூரம் விலகி நிற்கின்றன, பாருங்கள்! ஒரே பருப்பு, ஒரே கீரை, ஒருவேளை 2, இன்னொருவேளை 20. நடுவில் இருக்கும் இந்தப் பத்து மடங்கு இடைவெளியில்தான் சமையல் செய்பவரின் கை விளையாடுகிறது.

அதற்கு முன் ஒரு சின்ன விலகல். ஹீம் என்றால் இரத்தம், இரத்தம் என்றால் விலங்கு என்று நினைத்துவிடக் கூடாது. நிலக்கடலை பிடுங்கும் காலத்தில் செடியின் வேரில் கடுகுபோல ஒட்டியிருக்கும் முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு நம் ஹீமோகுளோபினின் ஒன்றுவிட்ட உறவு. வேர் முடிச்சில் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்க வேண்டுமானால் அங்கே ஆக்சிஜன் அளந்து கொடுக்கப்பட வேண்டும். அந்த அளவைச் செடி இந்தச் சிவப்புப் புரதத்தைக் கொண்டு பார்த்துக்கொள்கிறது.

சரி, பருப்புக்குள் இரும்பு இருந்தும் ஏன் வெளியே வர மறுக்கிறது? ஒவ்வொரு விதையும் தன் குஞ்சுக்கான கட்டுச்சோறு. முளைத்து இலை விட்டு வேர் பிடிக்கும் வரை தேவையான பாஸ்பரஸை விதை 'ஃபைட்டிக் அமிலம்' என்ற வடிவில் சேர்த்து வைக்கிறது. ஆறு கைகள் உள்ள மூலக்கூறு அது. ஒவ்வொரு கையிலும் ஒரு பாஸ்பேட். அந்தக் கைகள் சும்மா இருக்காமல் பக்கத்தில் வரும் இரும்பையும் துத்தநாகத்தையும் சேர்த்து இறுக்கிக்கொள்கின்றன. அந்தப் பிடியை அவிழ்க்கும் நொதி மனிதக் குடலில் கிட்டத்தட்ட இல்லை என்றே சொல்லலாம். விதையிலோ இருக்கிறது, உறங்கிக்கொண்டு. 'ஃபைட்டேஸ்' என்பது அதன் பெயர்.

இரவு படுக்கப் போகுமுன் பாசிப்பயற்றை ஊறப்போடுகிறோம். தண்ணீர் உள்ளே போனதும், விதைத்துவிட்டார்கள் என்று பயறு எடுத்துக்கொள்கிறது. ஃபைட்டேஸ் விழிக்கிறது, ஆறு கைகளும் ஒவ்வொன்றாக அவிழ்கின்றன. ஈரத் துணியில் கட்டி இன்னும் ஒரு நாள் வைத்தால் வெள்ளை மூக்கு எட்டிப் பார்க்கும். அதற்குள் பிடி நன்றாகத் தளர்ந்திருக்கும். குஞ்சுக்கென்று அவிழ்த்து வைத்த பொட்டலத்தை நாம் எடுத்துக்கொள்கிறோம். கேழ்வரகை முளைகட்டி அரைப்பதும் இதேதான். இட்லி மாவைப் புளிக்க வைக்கும்போது நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலத்தையும் சுரந்து, ஃபைட்டிக் அமிலத்தையும் குறைத்துத் தருகின்றன. வேதியியல் என்ற சொல்லைக் கேள்விப்படாமலே ஆச்சி செய்துவந்த வேதியியல் இது.

அவளுக்குத் தெரியாமல் போன இடம் ஒன்று உண்டு. சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு டம்ளர் டீ.

வாழைப்பூவை அரிவாள்மனையில் ஆய்ந்தவர்களுக்குக் கை கறுக்கும் கதை தெரியும். வாழைக்காய் நறுக்கினாலும், நெல்லிக்காயை இரும்புக் கத்தியால் கீறினாலும் அதே கறுப்பு. துவர்ப்பைத் தரும் 'டானின்' என்ற பொருளும் இரும்பும் சந்தித்தால் நிகழ்வது அது. இந்தச் சந்திப்பை வைத்தே ஒரு கலை வளர்ந்திருக்கிறது. கலம்காரி எழுதுபவர்கள் துருப்பிடித்த இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து ஒரு கரைசல் தயாரிப்பார்கள். கடுக்காய் ஏற்றிய துணியில் மூங்கில் பேனாவால் அதைத் தொட்டு இழுத்தால், வெளிறிய கோடு கண்ணெதிரே கரிய கோடாகும். கடுக்காயின் டானின் இரும்பை அப்படிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை முறை துவைத்தாலும் விடாது. தேயிலையிலும் அதே குடும்பத்துச் சரக்கு இருக்கிறது. நம்பாவிட்டால், இரும்புச்சத்து மாத்திரை ஒன்றைப் பால் சேர்க்காத டீயில் கரைத்துப் பாருங்கள். மையாகக் கறுத்துவிடும். கலம்காரித் துணியில் நடப்பது சாப்பாட்டுக்குப் பின் நம் வயிற்றில் நடக்கிறது. பிடிபட்ட இரும்பு வாசலைத் தொடாமலே வெளியே போய்விடும்.

எவ்வளவு போகும்? 1983-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், சாப்பாட்டோடு டீ குடித்தபோது இரும்பு உறிஞ்சல் 64 சதவீதம் குறைந்தது. காபி குடித்தபோது 39 சதவீதம். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் குடித்த காபி ஒன்றும் செய்யவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் குடித்ததோ, சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்த அதே அளவு தடுத்தது. காலை எழுந்ததும் முதலில் காபி, குளித்துவிட்டு வந்து பலகாரம் என்ற பழக்கம் உள்ளவர்கள் நிம்மதியாக இருக்கலாம். இட்லி தின்ற வாயோடு காபி கேட்பவர்கள்தான் இடைவெளியைக் கூட்டவேண்டும்.

கெடுப்பதற்கு இவ்வளவு இருந்தால், கொடுப்பதற்கும் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? வைட்டமின் சி. நம்மிடம் இருக்கும் எல்லாத் துணைகளிலும் இதுவே பெரியது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது அது. ஃபெரிக்குக்குத் தன் எலக்ட்ரானைக் கொடுத்து ஃபெரஸாக்கும். பிறகு அந்த இரும்பை மெல்லக் கைப்பிடித்துக்கொண்டு, ஃபைட்டிக் அமிலமோ டானினோ பறித்துவிடாமல் வாசல் வரை கொண்டுபோய் விடும். ஒரே நிபந்தனை, இரண்டும் ஒரே வேளையில் வயிற்றுக்குள் இருக்கவேண்டும். காலையில் கொய்யா, மதியம் கீரை என்றால் அவை சந்திப்பதே இல்லை. இன்னொன்று, சூட்டில் அது அழியும். எலுமிச்சம்பழத்தைக் கொதிக்கும் குழம்பில் பிழியாமல் இறக்கி வைத்து ஆறியபின் பிழிவதில் அர்த்தம் இருக்கிறது. நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி. எலுமிச்சைச் சாற்றில் அதே அளவுக்கு 40, 50. சாப்பாட்டோடு 50 மில்லிகிராம் சேர்ந்தாலே உறிஞ்சல் இரண்டு மடங்காகக்கூடும்.

மற்றப் புளிப்புகளும் கைகொடுக்கும். தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளித் தாய்மார்களை வைத்து எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆய்வு நடந்தது. உணவில் இருக்கும் இரும்பில் கதிரியக்க அடையாளம் இட்டு, பிறகு அவர்கள் இரத்தத்தில் அது எவ்வளவு வந்து சேர்ந்தது என்று எண்ணினார்கள். பருப்பு வகைகளிலிருந்தும் பசலைக்கீரையிலிருந்தும் மிகக் குறைவாகவே வந்திருந்தது. அப்பாவின் கேள்விக்கு நேரான பதில் அது. ஆனால் சோற்றோடு எலுமிச்சையின் சிட்ரிக் அமிலத்தையோ புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலத்தையோ சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சல் ஏறியது.

மெரினாவில் 'தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல்' என்று கூவிக்கொண்டு வருபவரின் தூக்கைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். இரவெல்லாம் ஊறிய பட்டாணி. அதாவது ஃபைட்டேஸ் தன் வேலையைத் தொடங்கிவிட்ட பட்டாணி. வெந்து இறக்கியபின் தூவிய பச்சை மாங்காய்த் துண்டு, அடுப்பைப் பார்க்காத வைட்டமின் சி. காகிதப் பொட்டலத்தில் இரண்டும் ஒன்றாக, ஒரே வாய்க்குள் போகும்படி. இரும்பு உறிஞ்சலைப் படித்தவர் ஒருவர் உட்கார்ந்து திட்டம் போட்டிருந்தாலும் இதைவிடச் சிறப்பாகச் செய்திருக்க முடியாது.

எதில் எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, நூறு கிராம் கணக்கில் சில தோராயமான எண்கள். எள்ளில் 14 மில்லிகிராம், கொள்ளில் ஒன்பதுக்குக் கொஞ்சம் குறைவு, கொண்டைக்கடலையிலும் கம்பிலும் ஆறு, ஆறரை, பாசிப்பயற்றில் ஐந்து, கேழ்வரகிலும் முருங்கைக்கீரையிலும் நாலரை. தீட்டிய வெள்ளை அரிசியில் முக்கால்கூட இல்லை. இரத்தம் ஊறும் என்று வீட்டுக்கு வீடு அரைத்துக் கொடுக்கும் பீட்ரூட்டில் ஒன்றுக்கும் குறைவு. அதன் சிவப்பு 'பீட்டாலைன்' என்ற வேறொரு நிறமி. அதில் இரும்பு ஒரு அணுகூட இல்லை. சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தமாகும் என்று நம்பி, கறுத்த எள்ளையும் கொள்ளையும் ஒதுக்கி வைத்துவிட்டோம்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பெண்களுக்குப் பரிந்துரைத்த அளவு நாளுக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19. தேவை ஒன்றரை இரண்டு என்று சொல்லிவிட்டு 29 கேட்பது ஏன்? நம் சாப்பாட்டு முறையில் பத்தில் ஒரு பங்குகூட உள்ளே போகாது என்று வைத்துத்தான் அந்தக் கணக்கு. முந்நூறு கிராம் வெள்ளை அரிசி தருவது 2 மில்லிகிராம்தான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொன்னது ஆச்சரியமாக இல்லை. எல்லா இரத்தசோகைக்கும் இரும்புக் குறைவு காரணம் அல்ல. ஆனால் முக்கியமான காரணம் அதுதான். ரேஷனில் வந்த செறிவூட்டப்பட்ட அரிசி இந்த ஓட்டையை அடைக்க வந்தது. அரிசி மாவோடு இரும்புச் சத்தும் வைட்டமின்களும் பிசைந்து, அரிசி வடிவிலேயே பிழிந்தெடுத்த மணிகளை நூறு மணிக்கு ஒன்று வீதம் கலந்தார்கள். அவை கொஞ்சம் வேறு நிறமாகத் தெரிவதால் 'பிளாஸ்டிக் அரிசி' என்று பொறுக்கி எறிகிற வீடுகளை நானே பார்த்திருக்கிறேன். மனம் பதைக்கும். முறத்திலிருந்து குப்பைக்குப் போவது அந்தச் சோற்றின் இரும்பில் முக்கால்வாசி.

இரும்புச் சட்டியைப் பற்றியும் சொல்லவேண்டும். 1986-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆப்பிள் கூழை வார்ப்பிரும்புச் சட்டியில் சமைத்தபோது அதன் இரும்பு நூறு கிராமுக்கு 0.35 மில்லிகிராமிலிருந்து ஏழுக்கு மேல் ஏறியது. புளிப்பும் ஈரமும் நேரமும் கூடக்கூடச் சட்டி அதிகம் கரைகிறது. புளிக்குழம்பைவிடப் பொருத்தமான பதார்த்தம் வேறு என்ன வேண்டும்? ஒட்டாத பூச்சுப் பாத்திரம் வந்தபிறகு பரண் ஏறிய இரும்புச் சட்டியை இறக்கிக் கழுவிவைக்க இது போதுமான காரணம் என்று நினைக்கிறேன். சமைத்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் குழம்பு கறுக்காது.

இவ்வளவும் வாசல் வரைதான். வாசலுக்கு உள்ளே ஒரு காவல் இருக்கிறது. இரும்பை வெளியேற்ற உடம்பில் தனி வழி கிடையாது. சிறுநீரகத்துக்கு உப்பைத் தள்ளுவதுபோல இரும்பைத் தள்ளத் தெரியாது. கட்டற்றுத் திரியும் இரும்பு, உடலணுக்களைத் தாக்கும் நஞ்சு. நோய்க்கிருமிகளுக்கோ அது விருந்து. எனவே கட்டுப்பாடு முழுவதும் நுழைவிலேயே. குடலணுவுக்குள் வந்த இரும்பு, அணுவின் பின்கதவைத் தாண்டினால்தான் இரத்தத்தைச் சேரும். அந்தப் பின்கதவைச் சாத்தும் ஆணை கல்லீரலிலிருந்து வருகிறது. 'ஹெப்சிடின்' என்ற சிறிய ஹார்மோன், வெறும் 25 அமினோ அமிலக் கண்ணிகள். 2000-ஆம் ஆண்டையொட்டிக் கிருமிகொல்லி என்று நினைத்துக் கண்டெடுத்தார்கள். இரும்பின் சாவி அதன் கையில் இருப்பது அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தெரியவந்தது. சேமிப்பு நிறைந்தால் ஹெப்சிடின் ஏறும், கதவு சாத்திக்கொள்ளும். சேமிப்பு குறைந்தால் அது இறங்கும், கதவு அகலத் திறக்கும். வெளியே போக முடியாமல் குடலணுவுக்குள் தங்கிய இரும்பு 'ஃபெரிட்டின்' என்ற புரதப் பெட்டியில் அடைபடுகிறது. ஒரு பெட்டிக்குள் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். மூன்று நாலு நாளில் அந்தக் குடலணு உதிரும்போது பெட்டியும் சேர்ந்து போய்விடும். அவரை விதையும் இதே குடும்பத்துப் பெட்டியில்தான் தன் இரும்பைப் பூட்டிவைக்கிறது.

சைவ உணவுக்காரர்களுக்கு இந்தக் காவல் ஒரு நல்ல செய்தி. இறைச்சி உண்பவர்களைவிட அவர்களின் சேமிப்பு பொதுவாகக் குறைவு. குறைவாக இருப்பதாலேயே கதவு அதிகம் திறந்திருக்கிறது. அதே பருப்பு, அதே கீரையிலிருந்து அவர்கள் உடம்பு கூடுதலாக இழுத்துக்கொள்ளும்.

மாத்திரையையும் இந்தக் காவல் விடுவதில்லை. ஒரு வேளை மாத்திரை விழுங்கினால் ஹெப்சிடின் ஏறி ஏறக்குறைய ஒரு நாள் நிற்கும். மறுநாள் மாத்திரை பாதி சாத்திய கதவைத்தான் தட்டும். இரும்புக் குறைவுள்ள இளம்பெண்களிடம் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்து 2017-இல் வெளியிட்டார்கள். நாள்தோறும் எடுத்தபோது மாத்திரையிலிருந்து 16 சதவீதமும், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தபோது 22 சதவீதமும் உள்ளே போயிருந்தது. எந்த முறை யாருக்கு என்பதை மருத்துவர் சொல்லவேண்டும். வெளியேற்றும் வழி இல்லாத பொருளை நாமாகவே வாங்கி விழுங்குவது சரியல்ல.

அக்காவுக்கு மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். எலுமிச்சைச் சாற்றோடு போடச் சொன்னார், டீயைத் தள்ளி வைக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் ஏறியபிறகும் மூன்று மாதம் தொடரவேண்டும், அப்போதுதான் பெட்டிகள் நிறையும் என்றார். அம்மா சுண்டலில் மாங்காய் போட ஆரம்பித்தாள். ஆச்சி பரணிலிருந்து இரும்புச் சட்டியை இறக்கித் தரச் சொன்னாள்.

பைக்காவில் வியப்பு என்னவென்றால், இரும்பு கிடைக்கத் தொடங்கியதும் முதலில் போவது அந்த ஆசைதான். இரத்தத்தில் எண்கள் ஏறுவதற்கு வாரங்கள் ஆகும். நாக்குக்கோ சில நாளிலேயே செய்தி போய்விடுகிறது. இரண்டாவது வாரம் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்டு வந்த அக்கா அரிசிப் பானையைத் தாண்டி நேராகக் கிணற்றடிக்குப் போய்க் கைகால் கழுவினாள். தகர மூடி சத்தம் போடவில்லை. திண்ணையில் ஆச்சிதான் திரும்பிப் பார்த்தாள்.